அம்பாசிடரின் பெட்ரோல் பாதை: டேங்கிலிருந்து கார்ப்ரேட்டர் வரை

அப்பாவிடமிருந்து எனக்கு வந்த 1985 மாடல் மார்க் 4 அம்பாசிடர், ஒரு வருடம் முழுக்க என்னைப் பாடாய்ப் படுத்தியது. அறுபதில் போகும்போது இருமத் தொடங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்னும் திணறும். ஓரங்கட்டிப் பத்து நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். அதற்குள் மூன்று ஷெட்டில் மூன்று முறை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்ரேட்டரைக் கழற்றி, மூன்று ரிப்பேர் கிட் மாற்றியாகிவிட்டது. கடைசியாகத் திண்டிவனம் தாண்டி நின்றபோது வந்த வயதான மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. நேரே வண்டிக்கு அடியில் படுத்தார்.

"வீட்டுல தண்ணி வரலைன்னா குழாயைத் திருகிட்டே இருப்பீங்களா, மாடில ஏறித் தொட்டியைப் பார்ப்பீங்களா தம்பி?"

பின்பக்கம் டேங்க் பைப்பையும் லைனையும் சேர்க்கும் சாண் நீள ரப்பர் ஹோஸைக் கழற்றி, பிளேடால் நீளவாக்கில் கீறிக் காட்டினார். வெளியே கறுகறுவென்று புதிது மாதிரிதான் இருந்தது. உள்ளே ரப்பர் ஊறி, தோல் உரிந்து, நாக்கு போல ஒரு துண்டு தொங்கியது. மெதுவாகப் போனால் பெட்ரோல் அதைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். வேகம் கூடி பம்ப் பலமாக இழுத்தால் அந்த நாக்கு போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். வண்டியை நிறுத்தினால் இழுப்பு விட்டு, நாக்கு திரும்பத் தொங்கும். கார்ப்ரேட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வழக்கம்தான். பெட்ரோல் போகும் திசையிலேயே நானும் போவேன்: டேங்க், லைன், பம்ப், அதற்கப்புறம்தான் கார்ப்ரேட்டர். கீழே உள்ளதெல்லாம் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், ஏசி கம்பெனியின் மெக்கானிகல் பம்ப், எஸ்யூ கம்பெனியின் எச்எஸ் வகை கார்ப்ரேட்டர் உள்ள அம்பாசிடரை வைத்து எழுதியது. உங்கள் வண்டியில் சோலெக்ஸ் கம்பெனி கார்ப்ரேட்டர் இருந்தால் கார்ப்ரேட்டர் பகுதி பொருந்தாது, மற்றதெல்லாம் பொருந்தும். பத்மினிக்காரர்களுக்கும் அப்படித்தான்.

ஏன் இப்போது இந்தத் தொல்லை

நாற்பது வருடம் தாங்கிய ரப்பர் இப்போது இரண்டே வருடத்தில் ஊறிப்போகிறது என்றால் காரணம் பெரும்பாலும் எத்தனால். நம் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-ல் 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரியில் இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், விற்பனைக்கு வந்தது. 2025-ல் நாடு முழுக்க 20 சதவீதம் என்ற கணக்குக்கு வந்துவிட்டோம். இந்த வண்டிகளை வடிவமைத்தவர்கள் அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எத்தனால் செய்வது மூன்று காரியம். ஒன்று, பழைய வகை ரப்பரையும், பம்புக்குள் மேலும் கீழும் அசையும் சவ்வான டயஃப்ரத்தையும் உப்ப வைக்கும் அல்லது இறுக்கி வெடிக்க வைக்கும். இரண்டு, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பெட்ரோலை இழுக்கும் பைப் இருப்பதும் அங்கேதான். மூன்று, எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை மெலிந்துபோகும். சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்றால் இ20-க்கு ஏறத்தாழ 13.5. இது கார்ப்ரேட்டர் டியூனிங்கில் உதவும், அங்கே சொல்கிறேன்.

கை வைக்கும் முன்

பேட்டரியின் எர்த் ஒயரை முதலில் கழற்றுங்கள். வேலை வெளியில், காற்றோட்டத்தில் நடக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்துபோய்ப் பள்ளத்தில் தேங்கும். அதனால் பெட்ரோல் வேலைக்கு ஷெட்டில் வண்டிக்கு அடியில் இருக்கும் பள்ளமான பிட் வேண்டாம். பழைய குண்டு பல்பு டிரபிள் லைட்டும் வேண்டாம், எல்இடி டார்ச் போதும். பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பூஜை அறை விளக்கு எரிகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் என் போர்டிகோவுக்கும் எங்கள் வீட்டுப் பூஜை அறைக்கும் எட்டடி தூரம்தான்.

இந்த இன்ஜினில் இன்னொரு சங்கதி உண்டு. கார்ப்ரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. கார்ப்ரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பர் வழிந்தால் பெட்ரோல் சொட்டுவது கொதிக்கும் எக்ஸாஸ்ட் பக்கம். ஒழுகும் கார்ப்ரேட்டரோடு "ஷெட் வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம்" என்று ஒரு நாளும் கிளம்பாதீர்கள்.

கோளாறைப் பாதி பாதியாகப் பிரிப்பது

எதையும் கழற்றாமலே பாதி உண்மை தெரிந்துவிடும். வண்டி திணறி நின்றதும் பெட்ரோல் மூடியைத் திறங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி ஒழுங்காக ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. துளையைச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது. இதற்குப் போய் பம்ப் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

அது இல்லையென்றால், பம்பின் இன்லெட்டில் வரும் லைனைக் கழற்றி, கழற்றிய வாயை ஒரு போல்ட்டால் அடைத்துவிடுங்கள். புது ஹோஸ் ஒன்றை இன்லெட்டில் மாட்டி, மறுமுனையை நல்ல பெட்ரோல் உள்ள இரும்பு கேனில் விடுங்கள். கேன் எக்ஸாஸ்டுக்குத் தூரமாக, சாயாதபடி நிற்க வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் முறுக்கிப் பாருங்கள். சீராக ஓடினால் குற்றவாளி டேங்கிலோ லைனிலோ இருக்கிறான். இப்போதும் திணறினால் பம்பும் கார்ப்ரேட்டரும்தான் பாக்கி.

அந்த இரண்டில் எது? கார்ப்ரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, இக்னிஷன் காயில் ஒயரையும் கழற்றிவிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் துடித்துத் துடித்து, பலமாகப் பீய்ச்ச வேண்டும். சொட்டினாலோ நுரையாக வந்தாலோ பம்ப். பிரஷர் கேஜ் இருந்தால் ஒன்றரை முதல் இரண்டரை பி.எஸ்.ஐ. வரை காட்ட வேண்டும். எஸ்யூவுக்கு அதற்கு மேல் தேவையுமில்லை, நல்லதுமில்லை.

டேங்க்

பெட்ரோலை இறக்கி ஒரு வெள்ளை பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் தனி அடுக்காக ஏதாவது நின்றால் அது தண்ணீர் கலந்த எத்தனால். செம்மண் மாதிரி தூள் தங்கினால் துரு. பழைய பெயின்ட் டப்பா வாசனை அடித்தால் அந்தப் பெட்ரோல் கெட்டுவிட்டது, வண்டிக்குத் திரும்ப ஊற்ற வேண்டாம்.

துரு லேசாக இருந்தால் டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். பெட்ரோல் அளவு காட்டும் கேஜ் யூனிட்டை எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியே ஒரு முழம் சன்னமான சங்கிலியைப் போட்டு, கொஞ்சம் தண்ணீரோடு நன்றாகக் குலுக்குங்கள். ஆள் இரண்டு பேர் வேண்டும், முதுகு வலிக்கும். கரகரவென்று வருவதைக் கொட்டிவிட்டு, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து டேங்கை நிரப்பி ஒரு நாள் ஊறவிடுங்கள். மறுநாள் கொட்டி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் அலசி, பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை. அப்புறம் காயவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஈரம் நின்றால் ஒரே மணி நேரத்தில் மறுபடி செம்பழுப்பு நிறம் ஏறிவிடும். நான் ஹேர் டிரையரைத் துளையில் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டுவேன். பெட்ரோல் வாசனை முழுதாகப் போன டேங்குக்கு மட்டும்தான் இது, சொல்லத் தேவையில்லை. காய்ந்த கையோடு ஒரு லிட்டர் பெட்ரோலில் கொஞ்சம் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டி ஆயில்) கலந்து உள்ளே சுழற்றி, டேங்கை மாட்டிவிடுங்கள்.

ஓட்டை விழுந்த டேங்கா? "தண்ணி ஊத்திட்டு வெல்டிங் வச்சிடலாம்" என்று சொல்லும் ஷெட்டிலிருந்து டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே ஆவியும் காற்றும் தயாராகக் கலந்திருக்கும். டேங்க் வேலையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் வேறு டேங்க் தேடுங்கள். சென்னையில் புதுப்பேட்டையில் தேடினால் அம்பாசிடர் டேங்க் இன்னும் அகப்படுகிறது. டார்ச் அடித்து உள்ளே பார்த்து வாங்குங்கள்.

கேஜ் யூனிட்டைத் திரும்ப மாட்டும்போது பழைய கார்க் கேஸ்கெட்டை மறந்துவிட்டுப் புதிது போடுங்கள். உள்ளே பெட்ரோல் இழுக்கும் பைப்பின் நுனியில் வலை இருந்தால் அதையும் ஊதிப் பாருங்கள்.

லைனும் ஹோஸும்

பம்புக்கு முன்னால் உள்ளதெல்லாம் இழுக்கும் பக்கம். பம்புக்குப் பின்னால் உள்ளது தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் ஹோஸ் வெடித்தால் பெட்ரோல் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். இழுக்கும் பக்கத்தில் வெடித்தால் பெரும்பாலும் ஒரு சொட்டும் வெளியே வராது. காற்று உள்ளே போகும், வண்டி திணறும். "எங்கேயும் லீக் இல்லையே" என்று நாம் அடியில் படுத்துத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து, திரும்பவும் கார்ப்ரேட்டர் மேல் கை வைப்போம். அதனால் இழுக்கும் பக்கத்து ஹோஸ்களை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வயதைப் பார்த்து மாற்றுங்கள். எப்போது மாற்றியது என்று தெரியவில்லையா? இன்றைக்கே மாற்றுங்கள்.

ஹோஸ் வாங்கும்போது மேலே அச்சடித்திருப்பதைப் படியுங்கள். "எஸ்ஏஇ ஜே30 ஆர்9" என்று இருப்பதை வாங்கினால் உள்பக்கம் வைட்டான் வகை ரப்பர் இருக்கும், எத்தனாலைத் தாங்கும். ஆர்6 விலை குறைவு, ஆனால் அது பழைய காலத்துப் பெட்ரோலுக்கானது. ஒன்றுமே அச்சடிக்காமல் "பெட்ரோல் டியூப்தான் சார்" என்று வெட்டித் தருவதை டூ வீலர்காரர்களுக்கே விட்டுவிடுங்கள். பைப்பின் வெளி விட்டத்தை வெர்னியரால் அளந்துகொண்டு போங்கள். 6 மி.மீ. ஹோஸை 8 மி.மீ. பைப்பில் சோப்பு போட்டு ஏற்றுவதும், 8 மி.மீ. ஹோஸை 6 மி.மீ. பைப்பில் மாட்டிவிட்டுக் கிளிப்பை முறுக்கோ முறுக்கென்று முறுக்குவதும், இரண்டுமே ஆறு மாதம்தான் தாங்கும்.

கிளிப்பிலும் ஒரு விஷயம். பட்டையில் வெட்டு விழுந்த சாதாரண ஸ்க்ரூ கிளிப், இறுக்க இறுக்க ரப்பருக்குள் பல் பதித்துவிடும். பட்டை வழவழப்பாக, ஓரம் மடித்த சின்ன கிளிப் கிடைக்கும், அதைப் போடுங்கள்.

இரும்பு லைனை டேங்க் முனையிலிருந்து பம்ப் முனை வரை கையால் தடவிக்கொண்டே போங்கள். ஜாக்கி போட்டு நசுங்கிய இடம், பழைய கிளாம்ப் அடியில் துரு தின்ற இடம், இரண்டும்தான் வழக்கமாக அகப்படும். நசுங்கியிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி ரப்பர் போட்டு ஒட்டாதீர்கள், லைனை முழுதாக மாற்றுங்கள். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் ஓடும் இடத்தில் இடைவெளி விடுங்கள், மே மாதம் வேப்பர் லாக், அதாவது சூட்டில் லைனுக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைபடுவது, வருவது அங்கிருந்துதான். பம்புக்கு முன்னால் ஒரு சின்ன ஃபில்டர் போட்டுவிடுங்கள். உள்ளே தெரிகிற மாதிரி ஃபில்டராக இருந்தால் டேங்க் எப்படி இருக்கிறது என்பதை அதுவே காட்டிக்கொண்டிருக்கும்.

ஏசி பம்ப்

பேரைப் பார்த்துக் குளிர்சாதனம் என்று நினைக்க வேண்டாம். கேம் ஷாஃப்ட் ஒரு நெம்புகோலைத் தள்ள, அது டயஃப்ரத்தை இழுக்க, ஸ்பிரிங் அதைத் திரும்பத் தள்ள, நடுவில் இரண்டு வால்வு. அவ்வளவுதான் பம்ப்.

டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் கீழே இன்ஜினுக்குள்ளேயே இறங்கலாம். ஆயில் குச்சியை உருவி மோந்து பாருங்கள். ஆயில் தண்ணீராக ஓடி, பெட்ரோல் வாசனை அடித்தால், பம்பை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டாதீர்கள். ஆயிலையும் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட்.

கழற்றியபின் செய்ய வேண்டியது வரிசையாக:

1. மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் குறுக்காக ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது பைப் திசை மாறினால் தலைவலி.

2. மேல் மூடியைத் திறந்து வலையைக் கழுவுங்கள். அதன் கேஸ்கெட் சுருங்கியிருந்தால் காற்று இழுப்பது அங்கேயாகவும் இருக்கலாம்.

3. சுற்றியுள்ள ஸ்க்ரூக்களை எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். டயஃப்ரத்தை அழுத்திக் கால் வட்டம் திருப்பினால் கொக்கியிலிருந்து கழன்று வரும்.

4. வால்வுகளை வாயால் ஊதியும் இழுத்தும் பார்ப்பது நம் ஊர் முறை. பெட்ரோல் வாய்க்குப் போகும், வேண்டாம். ஒரு துண்டு ஹோஸும் ஊசி போடாத பெரிய சிரிஞ்சும் போதும். ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் போகக்கூடாது.

5. புது டயஃப்ரத்தை மாட்டி, கோட்டைச் சேர்த்து, ஸ்க்ரூக்களைத் தலை தொடும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள். இப்போது நெம்புகோலை முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டே, எதிரெதிராக இறுக்குங்கள். அழுத்தாமல் இறுக்கினால் டயஃப்ரம் தம்பட்டம் மாதிரி விறைத்து நிற்கும், சீக்கிரமே கிழியும்.

கிட் வாங்கும்போது எத்தனாலுக்கு ஏற்ற டயஃப்ரமா என்று கேளுங்கள். வருடக்கணக்கில் கடை அலமாரியில் தூங்கிய "ஒரிஜினல் பழைய ஸ்டாக்" டயஃப்ரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, டப்பா எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இன்ஜினில் பம்பைத் திரும்ப ஏற்றும்போது, நடுவில் இருந்த பேக்கிங் எத்தனை கனமோ அதே கனத்தில் போடுங்கள். கனம் கூடினால் நெம்புகோலின் ஓட்டம் குறையும், பெட்ரோலும் குறையும். மாட்டியபின் கையால் பம்ப் அடிக்கும் லீவர் தொளதொளவென்று, பிடிப்பே இல்லாமல் ஆடினால் பயப்பட வேண்டாம். கேம் அந்த நேரத்தில் பம்பைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடியுங்கள்.

கார்ப்ரேட்டர்

இங்கே வந்து சேரும்போது பாதிப் பேருக்கு வேலை முடிந்திருக்கும். மற்றவர்களுக்கு இது.

முதலில் ஃப்ளோட் சேம்பர். மூடியைத் திறந்து அடியில் தங்கியதைத் துடைத்தெடுங்கள். ஃப்ளோட் பித்தளையாக இருந்தால் காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்கக்கூடாது. சந்தேகமிருந்தால் வெந்நீரில் அமிழ்த்துங்கள், ஓட்டையிருந்தால் குமிழி விடும். பெட்ரோல் வரத்தை மூடும் ஊசி வால்வின் நுனியில் வளையமாகத் தடம் விழுந்திருந்தால் ஊசியையும் அது உட்காரும் இருக்கையையும் ஜோடியாக மாற்றுங்கள்.

ஃப்ளோட் மட்டம் பார்க்க மூடியைத் தலைகீழாகப் பிடியுங்கள். ஃப்ளோட் தன் கனத்தால் ஊசியை மூடியிருக்கும். அப்போது ஃப்ளோட்டுக்கும் மூடியின் விளிம்பு மட்டத்துக்கும் இடையே 1/8 முதல் 3/16 அங்குலம், அதாவது 3 முதல் 5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அளவுகோல் தேட வேண்டாம், 4 மி.மீ. டிரில் பிட்டைக் குறுக்கே நுழைத்துப் பாருங்கள், தொட்டும் தொடாமலும் போனால் சரி. சேம்பரின் அடியிலிருந்து, பெட்ரோல் வெளியேறும் சிறு குழாயான ஜெட்டுக்குப் போகும் சன்னமான நைலான் குழாயையும் வளைத்துப் பாருங்கள். மஞ்சளாகி விறைத்திருந்தால் அது உடையும் நாள் பக்கத்தில்தான் இருக்கிறது.

அடுத்தது மேலே நிற்கும் குடுவை. அதன் உச்சியில் இருந்து, எண்ணெயில் பிஸ்டனின் அசைவை நிதானப்படுத்தும் டேம்பரைக் கழற்றி, குடுவைக்கும் உடலுக்கும் ஒரு அடையாளம் போட்டு, ஸ்க்ரூக்களை எடுத்து நேராகத் தூக்குங்கள். சாய்த்தால் பிஸ்டனில் தொங்கி ஜெட்டுக்குள் இறங்கும் மெல்லிய கம்பியான நீடில் வளைந்துவிடும். குடுவையும் பிஸ்டனும் சேர்த்துச் செய்த ஜோடி, வேறு கார்ப்ரேட்டரோடு மாற்றக்கூடாது. பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தால் போதும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற கை நம்முடையது, ஆனால் இங்கே எமரி பேப்பரோ பிரஷ்ஷோ பட்டால் இடைவெளி கெட்டுவிடும்.

நீடிலின் தோள், பிஸ்டனின் அடி முகத்தோடு சமமாக இருக்க வேண்டும். நீடிலில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் ஜெட்டும் நீள்வட்டமாகியிருக்கும், இரண்டையும் மாற்றுங்கள். மாட்டியபின் பிஸ்டனைத் தூக்கி விட்டால் "டக்" என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். விழவில்லையென்றால் நீடில் ஜெட்டில் உரசுகிறது. ஜெட்டைக் கீழே கழற்றி, அட்ஜஸ்டிங் நட்டின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, நட்டை முழுதாக மேலே ஏற்றி ஜெட்டைத் திரும்ப வையுங்கள். பெரிய லாக் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, மேலேயிருந்து பென்சிலால் பிஸ்டனை மெல்ல அமுக்கிப் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்குங்கள். மறுபடி தூக்கி விடுங்கள். முதல் தடவையில் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை, நாலாவது தடவையில் அந்த "டக்" கேட்கும்போது ஒரு சந்தோஷம். ஸ்பிரிங்கைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

டேம்பரில் 20 கிரேடு ஆயில் ஊற்றுங்கள். டேம்பரை இறக்கும்போது முழுதாக உட்காருவதற்குக் கால் அங்குலம் முன்பே எண்ணெயின் தடை கையில் தெரிந்தால் அளவு போதும்.

டியூனிங். ஜெட் மேல் மட்டத்துக்கு வரும்வரை நட்டை ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது நட்டின் 12 முகம் கீழே இறக்கி ஆரம்பியுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானபின், பிஸ்டனைத் தூக்கும் சின்னப் பின்னை மெல்ல மேலே தள்ளுங்கள். பிஸ்டன் ஒரு மி.மீ.க்கும் குறைவாகத்தான் எழ வேண்டும். இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவை அதிகம், நட்டை ஒரு முகம் மேலே. உடனே அணையப் பார்த்தால் மெலிவு, ஒரு முகம் கீழே. லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. இ20 என்பதால் பழைய நிலையிலிருந்து ஒன்றிரண்டு முகம் கீழே வந்து நிற்பது என் வண்டியில் வழக்கம்.

எவ்வளவு திருகினாலும் ஸ்லோ (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிற்கவில்லையென்றால், ஆக்சிலரேட்டரோடு திரும்பும் தண்டான த்ராட்டில் ஸ்பிண்டிலின் இரு முனையிலும் கிரீஸை அப்பிப் பாருங்கள். ஸ்லோ மாறினால் ஸ்பிண்டில் தேய்ந்து காற்று இழுக்கிறது. புஷ் போட லேத் வேலை தெரிந்தவர் வேண்டும்.

ஸ்டார்ட் செய்தபின்

ஐந்து நிமிடம் ஓட விட்டு, எல்லா இணைப்பிலும் ஒரு வெள்ளை டிஷ்யூவைச் சுற்றிப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் அதில் ஈரமாகத் தெரியும். பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து, வண்டியை மூடிவைத்து, மறுநாள் காலையில் டிக்கியைத் திறந்து மோந்து பாருங்கள், ஆயில் குச்சியையும் பாருங்கள். கிளிப்புகளை நூறு கிலோமீட்டர் கழித்து ஒரு முறை தொட்டு இறுக்குங்கள், புது ரப்பர் கொஞ்சம் அமுங்கும். வண்டி மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் டேங்கை நிரப்பி வையுங்கள், காலி இடம் குறைந்தால் ஈரமும் குறையும். டிக்கியில் ஒரு முழம் ஆர்9 ஹோஸ், நாலு கிளிப், பம்ப் டயஃப்ரம் ஒன்று. நான் அதோடு அந்தக் கீறிய பழைய ஹோஸையும் வைத்திருக்கிறேன். கார்ப்ரேட்டரைக் கழற்ற ஸ்பேனரோடு வரும் மெக்கானிக்கிடம் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவது.